நுகத்தடியில் கோளாறு: லேட்டிஸ் போல்ட்ஸ்மான் கலப்பு நிரலில் அறிகுறி பார்த்துப் பிழை தேடுதல்

ஒரு சதுரப் பெட்டி, உள்ளே காற்று. இடச்சுவர் சூடாகவும் வலச்சுவர் குளிர்ச்சியாகவும் இருக்கின்றன. மேற்சுவரும் கீழ்ச்சுவரும் வெப்பத்தை விடாதவை. சூடான சுவரை ஒட்டிக் காற்று மேலேறி, கூரையை உரசிக்கொண்டு வலப்பக்கம் போய், குளிர்ந்த சுவர் வழியாகக் கீழிறங்குகிறது. வெப்பச்சலனத்தைக் கணினியில் கணக்கிடக் கற்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தப் பெட்டிக்கு வந்து சேர்கிறார்கள். காரணம், இதற்கு விடை தெரியும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் டி வால் டேவிஸ் 1983இல் வெளியிட்ட எண்கள் இன்றும் உரைகல்லாக இருக்கின்றன. பிராண்டில் எண் (பாகுமைக்கும் வெப்பப் பரவுதிறனுக்கும் உள்ள விகிதம்) 0.71 உள்ள காற்றுக்கு, ராலே எண் (மிதப்பு எவ்வளவு வலுவானது என்பதன் அளவு) 10³, 10⁴, 10⁵, 10⁶ ஆகும்போது சராசரி நசெல்ட் எண் (வெறும் கடத்தலைப்போல் எத்தனை மடங்கு வெப்பம் கடக்கிறது என்பது) முறையே 1.118, 2.243, 4.519, 8.800.

இந்தக் குறிப்பு, அந்தப் பெட்டியைக் கலப்பு முறையில் தீர்ப்பவர்களுக்கானது. ஓட்டத்தை, கட்டப்புள்ளிகளுக்கு இடையே துகள்கூட்டங்கள் நகர்ந்து மோதுவதாகக் கணக்கிடும் லேட்டிஸ் போல்ட்ஸ்மான் முறையும், வெப்பநிலையை, சரிவுகளை அண்டைப் புள்ளிகளின் வித்தியாசமாக எடுக்கும் சாதாரண வேறுபாட்டு முறையும் கவனிக்கும். லாலமாணும் லுவோவும் 2003இல் இந்த வழியை முன்வைத்தார்கள். வெப்பத்தையும் போல்ட்ஸ்மான் முறைக்குள்ளேயே முழுதாக அடக்க முயன்றபோது நிலையாமைத் தொல்லை வந்தது என்பது ஒரு காரணம். ஒரு கட்டப்புள்ளிக்கு இன்னும் ஐந்து அல்லது ஒன்பது எண்களைச் சேமிப்பதற்குப் பதிலாக வெப்பநிலை என்ற ஒரே எண் போதும் என்பது நடைமுறை லாபம்.

ஆனால் ஒரே நுகத்தடியில் இரண்டு மாடுகளைப் பூட்டியிருக்கிறோம். வண்டி கோணலாக ஓடினால் எந்த மாடு என்று கேட்பது இயல்பு. நான் பார்த்த நிரல்களில் பெரும்பாலும் இரண்டு மாடுகளும் நன்றாகவே இருந்தன. நுகத்தடி கட்டிய இடத்தில்தான் பிழை இருந்தது. சுவர் எங்கே இருக்கிறது, எந்த வேகம் கைமாறுகிறது, எந்த வெப்பநிலை திரும்பி வருகிறது ஆகிய மூன்றையும் இரு பகுதிகளும் ஒன்றுபோல் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இனி வரும் கணக்குகளில் பக்கம் 100 கட்டம், வேக அளவுகோல் (மிதப்பு தரக்கூடிய வேகத்தின் மதிப்பீடு) 0.1, கட்ட இடைவெளியும் காலப்படியும் 1 என்று வைத்துக்கொள்கிறேன். பாகுமை என்பது வேக அளவுகோல், பக்கம், பிராண்டில் எண்ணை ராலே எண்ணால் வகுத்ததன் வர்க்கமூலம் ஆகிய மூன்றின் பெருக்கல். அதைப் பிராண்டில் எண்ணால் வகுத்தால் வெப்பப் பரவுதிறன். மோதலுக்குப் பின் துகள்கள் எவ்வளவு சீக்கிரம் சமநிலைக்குத் திரும்புகின்றன என்பதைக் குறிக்கும் தளர்வு நேரம், 0.5 உடன் பாகுமையின் மும்மடங்கைக் கூட்டியது.

எதையும் தொடும் முன்: மாடுகளை அவிழ்த்துவிடுங்கள்

ஈர்ப்பைப் பூச்சியமாக்கி ஓட்டுங்கள். காற்று அசையக்கூடாது. வெப்பநிலை இடமிருந்து வலம் நேர்கோடாக இறங்க வேண்டும், நசெல்ட் எண் சரியாக 1 வர வேண்டும். "கிட்டத்தட்ட 1" என்பது தேர்ச்சி ஆகாது. நேர்கோட்டை வேறுபாட்டு முறை பிழையின்றித் தரும் என்பதால் 1.01 வந்தால் சுவரின் இடம் தவறு என்று பொருள்.

அடுத்து வெப்பநிலையை நிறுத்திவிட்டு, இரு சுவர்களுக்கு இடையே சீரான விசையால் ஓடும் கால்வாய் ஓட்டத்தைக் கணக்கிடுங்கள். பரவளைவு வர வேண்டும். தளர்வு நேரத்தை மாற்றும்போது சுவரருகே வேகமும் மாறினால், ஒற்றைத் தளர்வு மோதலின் (எல்லாவற்றையும் ஒரே தளர்வு நேரத்தில் சமநிலைக்குத் திருப்பும் விதி) பிறவிக் குணத்தைப் பார்க்கிறீர்கள். சுவரை நோக்கிப் போன துகள்களை வந்த வழியே திருப்பியனுப்பும் பாதிவழித் திருப்பலில், சுவர் நிற்கும் இடம் தளர்வு நேரத்தைப் பொறுத்து நகரும். இந்தக் கால்வாயில் சுவர் இரு புள்ளிகளுக்குச் சரியாக நடுவில் நிற்பது தளர்வு நேரம் சுமார் 0.933 ஆக இருக்கும்போது மட்டும்தான். இரண்டு தளர்வு நேரங்கள் உள்ள இருதளர்வு மோதலுக்கு மாறி, அதன் இணைப்பு அளவுருவை 3/16 என்று வைத்தால் எந்தப் பாகுமைக்கும் சுவர் அசையாது. இந்த இரண்டு சோதனைகளுக்கும் அரை மணி நேரம் போதும். அதைச் செலவிட மனமில்லாமல் மூன்று வாரம் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதை பிறகு வரும்.

அறிகுறி: சில நூறு படிகளில் எல்லாம் வெடித்துவிடுகிறது

எண் அல்லாத மதிப்பைக் காட்டக் கணினி அச்சிடும் மூன்றெழுத்தைத் (NaN) தமிழில் உச்சரித்தால் "நான்" என்று வரும். திரை முழுக்க நான், நான், நான் என்று அகங்காரம் தலைவிரித்தாடும்போது செய்ய வேண்டிய முதல் வேலை, எது முதலில் வெடித்தது என்று பார்ப்பது. வெடிப்பதற்கு இருபது படிகள் முன்பு நிறுத்தி, அடர்த்தியையும் வெப்பநிலையையும் தனித்தனிப் படமாக வரையுங்கள்.

அடர்த்திப் படத்தில் சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பும் வெளுப்பும் தெரிந்தால் குற்றவாளி ஓட்டப் பகுதி. தளர்வு நேரம் 0.5ஐ நெருங்கிவிட்டது. ராலே 10⁶இல் நம் அமைப்பில் அது 0.525 மட்டுமே. ஒற்றைத் தளர்வு மோதல் அந்த இடத்தில் நடுங்கத் தொடங்கும். பலரும் உடனே கட்டத்தை நுணுக்குகிறார்கள். அது சரியான வழிதான், ஆனால் செலவு அதிகம். இருதளர்வு அல்லது பல்தளர்வு மோதலுக்கு மாறுவது முதல் மருந்து.

அதிகம் பேசப்படாத இரண்டாவது மருந்து, வேக அளவுகோலை உயர்த்துவது. மாக் எண்ணுக்கு (ஒலியின் வேகத்தால் வகுத்த காற்றின் வேகம்) பயந்து 0.1ஐத் தாண்டாதவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பெட்டிக்குள் உண்மையில் தோன்றும் உச்ச வேகம் அந்த அளவுகோலில் கால்பங்குதான். டி வால் டேவிஸின் எண்களை மாற்றிப் பார்த்தால் ராலே 10⁵இலும் 10⁶இலும் அது சுமார் 0.26 பங்கு. அளவுகோல் 0.1 என்றால் காற்றின் உச்ச வேகம் 0.026, உண்மையான மாக் எண் 0.045. அளவுகோலை 0.2 ஆக்கினாலும் மாக் எண் 0.1ஐத் தாண்டாது. பாகுமையோ இரட்டிக்கும், தளர்வு நேரம் 0.525இலிருந்து 0.551 ஆகும். ஒரு வரி மாற்றத்தில் கிடைக்கும் மூச்சுவிடும் இடம் இது.

அறிகுறி: ராலே 10⁵இல் ஓடிய நிரல் 10³இல் வெடிக்கிறது

கடினமானதைத் தாண்டியவன் எளிதானதில் தடுக்கி விழுவது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் கலப்பு முறைக்கே உரிய பிழை இது. வெப்பத்தையும் போல்ட்ஸ்மான் முறையில் தீர்த்திருந்தால் வந்திருக்காது. ராலே குறையக் குறையப் பாகுமையும் பரவுதிறனும் ஏறுகின்றன. 10³இல் தளர்வு நேரம் 1.3, ஓட்டப் பகுதி அதை அலட்டிக்கொள்ளாது. பரவுதிறனோ 0.375. பழைய படியின் மதிப்புகளை மட்டும் வைத்து முன்னேறும் வெளிப்படை வேறுபாட்டு முறை இரு பரிமாணத்தில் தாங்கும் எல்லை 0.25. வெப்பநிலைப் படத்தில் சதுரங்கப் பலகை தெரியும். அடர்த்திப் படம் கடைசி நொடி வரை அமைதியாக இருக்கும்.

வேக அளவுகோலை 0.05 ஆக்கினால் பரவுதிறன் 0.188க்கு இறங்கி, சிக்கல் தீரும். வேகத்தை மாற்ற முடியாத காரணம் இருந்தால், ஓட்டத்தின் ஒரு படிக்குள் வெப்பநிலையை இரண்டு அரைப்படிகளாக நகர்த்துங்கள். புதிய மதிப்புகளை எல்லாம் சேர்த்துத் தீர்க்கும் மறைமுக முறையும் உண்டு என்றாலும், இவ்வளவு சின்னச் சிக்கலுக்கு அது கொசுவை அடிக்கக் கோடரி.

அறிகுறி: காற்று தலைகீழாகச் சுற்றுகிறது

சூடு இடப்பக்கம் என்றால் சுழற்சி கடிகார முள்ளின் திசையில் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் மிதப்பு விசையின் குறியைத் தவறாக இட்டிருக்கிறீர்கள், அல்லது கணினி அணியின் முதல் வரிசையைப் படம் வரையும் கருவி மேலே வைக்கிறது. முதலில் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: எல்லாம் அழகாக ஓடுகிறது, நசெல்ட் எண் மட்டும் தவறு

நேரத்தைத் தின்பது இதுதான். எதுவும் வெடிக்கவில்லை, படங்கள் கண்ணுக்கு விருந்து, ஆனால் 4.519 வர வேண்டிய இடத்தில் 4.58 வந்து நிற்கிறது. முதல் கேள்வி "எவ்வளவு தவறு" என்பதல்ல, "கட்டத்தை இரட்டித்தால் பிழை எப்படிக் குறைகிறது" என்பது. 50, 100, 200 என்று மூன்று கட்டங்களில் ஓட்டுங்கள். பிழை ஒவ்வொரு முறையும் கால்பங்காகக் குறைந்தால் நிரல் நலமாக இருக்கிறது. கட்டம் போதவில்லை, அவ்வளவுதான். பாதியாக மட்டும் குறைந்தால் எங்கோ ஒரு முதல்வரிசைப் பிழை ஒளிந்திருக்கிறது. குறையவே இல்லை என்றால் நீங்கள் வேறு ஏதோ சமன்பாட்டைத் தீர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பாதியாகக் குறையும் நோய்க்கு வழக்கமான காரணம் சுவர். பாதிவழித் திருப்பலில் ஓட்டப் பகுதியின் சுவர், கடைசிப் புள்ளிக்கு அரைக் கட்டம் வெளியே நிற்கிறது. நூறு புள்ளிகள் இருந்தால் பெட்டியின் அகலம் 100. வேறுபாட்டு முறை பழகிய கையோ சுவரைப் புள்ளியின் மேலேயே வைக்கும். அங்கே அகலம் 99. ஒரே நிரலில் இரண்டு பெட்டிகள்!

நான் தொலைத்த மூன்று வாரம் இங்கேதான். பாகுமையை 99 வைத்துக் கணக்கிட்டிருந்தேன், காற்றோ 100 அகலத்தில் ஓடியது. ராலே எண் அகலத்தின் மூன்றாம் படி என்பதால் அதில் 3 சதவீதம் பிழை. நசெல்ட் எண்ணில் அது ஏறத்தாழ ஒரு சதவீதமாக வெளிப்பட்டது. மோதல் விதியை மாற்றினேன், விசைச் சூத்திரத்தை மாற்றினேன், ஒரு நாள் கணினியையே சந்தேகித்தேன். ஈர்ப்பைப் பூச்சியமாக்கிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. பார்த்திருந்தால் அன்றே 1.01 என்று முகத்தில் அடித்திருக்கும்.

மருந்து இதுதான். வெப்பநிலைப் புள்ளிகளையும் ஓட்டப் புள்ளிகளையும் ஒரே இடத்தில் வையுங்கள், சுவரை இரண்டுக்கும் அரைக் கட்டம் வெளியே தள்ளுங்கள். சுவருக்கு அப்பால் ஒரு பொய்ப்புள்ளி; அதன் வெப்பநிலை, சுவர் வெப்பநிலையின் இருமடங்கிலிருந்து முதல் உட்புள்ளியின் வெப்பநிலையைக் கழித்தது. மேல், கீழ்ச் சுவர்களில் பொய்ப்புள்ளி உட்புள்ளியின் நகல்.

அடுத்த காரணம், சுவரில் சரிவை எடுக்கும் விதம். சுவருக்கும் முதல் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை அரைக் கட்டத்தால் வகுத்தால் முதல்வரிசைத் துல்லியம்தான். சுவர் வெப்பநிலையை 8ஆல் பெருக்கி, முதல் புள்ளியின் ஒன்பது மடங்கைக் கழித்து, இரண்டாம் புள்ளியைக் கூட்டி, மொத்தத்தை 3ஆல் வகுங்கள். சுவரிலிருந்து உள்நோக்கி இறங்கும் சரிவு இரண்டாம்வரிசைத் துல்லியத்தோடு கிடைக்கும். ராலே 10⁶இல் சூடான சுவரின் அடிப்பகுதியில் உள்ளூர் நசெல்ட் எண் 18ஐ நெருங்குகிறது. வெப்பநிலையின் பெரும்பகுதி ஐந்தாறு புள்ளிகளுக்குள் இறங்கிவிடுகிறது என்று பொருள். அங்கே அலட்சியத்துக்கு இடமில்லை.

மூன்றாவது காரணம், கைமாறும் வேகம். விசை உள்ள லேட்டிஸ் போல்ட்ஸ்மானில், பரவல் சார்புகளை (ஒவ்வொரு திசையிலும் போகும் துகள்களின் அளவு) கூட்டி வரும் உந்தத்தோடு விசையின் பாதியைச் சேர்த்தால்தான் அது காற்றின் வேகம். குவோவும் கூட்டாளிகளும் 2002இல் தந்த விசைச் சூத்திரம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மோதலுக்குள் இதைச் சரியாகச் செய்யும் பலர், வெப்பநிலைப் பகுதிக்கு அனுப்பும்போது அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். நூறு கட்டத்தில் இதன் பாதிப்பு உச்ச வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்; இருபது கட்டத்தில் ஐந்து மடங்கு. கட்டத்தை நுணுக்க நுணுக்க நேர்விகிதத்தில் மறைவதால் இதுவும் "பாதியாகக் குறையும்" நோய்க் கணக்கில் சேரும்.

அறிகுறி: சூடான சுவரும் குளிர்ந்த சுவரும் வேறு வேறு நசெல்ட் தருகின்றன

இந்தப் பெட்டிக்கு ஒரு மறைந்த அழகு உண்டு. படத்தை 180 பாகை திருப்பி, சூட்டைக் குளிராக மாற்றினால் அதே படம் கிடைக்கும். எதிரெதிர்ப் புள்ளிகளின் வெப்பநிலைகளைக் கூட்டினால் எப்போதும் 1. வேகங்களைக் கூட்டினால் பூச்சியம். இதை ஒவ்வோர் ஆயிரம் படிக்கும் அச்சிடும் இரண்டு வரிகளை நிரலில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

சமச்சீர் உடைந்தால் முதலில் பார்க்க வேண்டியது, வெப்பநிலையை ஒரே அணியில் வைத்து எழுதி அழிக்கிறீர்களா என்பதை. இடமிருந்து வலமாகப் போகும் சுற்று, புதிய மதிப்பையும் பழைய மதிப்பையும் கலந்துவிடும். இரண்டு அணிகள் வேண்டும். அடுத்தது மிதப்பு விசையின் குறிப்பு வெப்பநிலை. குளிர்ந்த சுவரின் வெப்பநிலையைக் குறிப்பாக எடுத்தால் பெட்டி முழுவதும் சராசரியாக ஒரு மேல்நோக்கிய விசை இருந்துகொண்டே இருக்கும். அதைச் சமன்செய்ய அடர்த்தி மேலும் கீழும் 1.5 சதவீதம் வேறுபடும். அமுங்காத காற்றில் அது வெறும் அழுத்தமாகக் கழிந்துபோகும். லேட்டிஸ் போல்ட்ஸ்மான் காற்றோ கொஞ்சம் அமுங்கக்கூடியது. இரு சுவர்களின் நடு வெப்பநிலையைக் குறிப்பாக எடுங்கள்.

இரண்டு சுவர்களும் ஒத்துப்போனதால் வெப்பம் கசியவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். சமச்சீர் இருக்கும் வரை, கசியும் நிரலும் இரு சுவர்களிலும் ஒரே எண்ணைத்தான் தரும். கசிவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உண்மை தெரிய வேண்டுமானால் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். கடத்தலையும் சலனத்தையும் சேர்த்து அங்கே வரும் நசெல்ட் எண், நிலைபெற்ற பின் சுவரின் எண்ணோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், வெப்பநிலைச் சமன்பாட்டை "வேகம் பெருக்கல் சரிவு" என்ற வடிவில் எழுதியிருப்பீர்கள். ஓட்டப் பகுதி தரும் வேகத்தின் விரிவு (ஒரு புள்ளியிலிருந்து நிகரமாக வெளியேறும் அளவு) துல்லியமாகப் பூச்சியம் அல்ல என்பதால் அந்த வடிவம் கசியும். ஒவ்வொரு கட்டத்தின் முகங்கள் வழியாகப் போவதையும் வருவதையும் கணக்கிடும் பாய வடிவத்துக்கு மாறுங்கள்.

அறிகுறி: வெப்பநிலை 1ஐத் தாண்டுகிறது, 0க்குக் கீழே இறங்குகிறது

சூடான சுவரைவிடச் சூடான காற்று எங்கிருந்தும் வர முடியாது. மூலைகளை ஒட்டிச் சிற்றலைகள் தெரிந்தால் கட்டப் பெக்லே எண்ணைப் பாருங்கள்: உள்ளூர் வேகத்தைப் பரவுதிறனால் வகுத்தது. இருபக்கப் புள்ளிகளையும் சமமாக எடுக்கும் மைய வேறுபாட்டுக்கு அது 2க்குள் இருக்க வேண்டும். ராலே 10⁵இல் 0.7தான், 10⁶இல் 2.2.

உடனே, காற்று வரும் பக்கத்துப் புள்ளியை மட்டும் பார்க்கும் முதல்வரிசை மேலோட்ட வேறுபாட்டுக்குத் தாவினால் அலைகள் போய்விடும். ஆனால் என்ன விலை கொடுத்தீர்கள் என்று பாருங்கள். அந்த முறை, வேகத்தின் பாதி அளவு பொய்ப் பரவலைச் சேர்க்கிறது: 0.013. உண்மையான பரவுதிறன் 0.0119! மருந்து நோயைவிடப் பெரிது. சுவரை ஒட்டிய ஓட்டம் சுவருக்கு இணையாக இருப்பதால் நசெல்ட் எண் இதை ஓரளவு மறைத்துவிடும்; மூலைகளில்தான் குட்டு வெளிப்படும். கட்டத்தை 150 ஆக்கினால் பெக்லே எண் 1.5க்குக் கீழே வந்து சிக்கல் தானே தீரும். முடியாதென்றால் லெனார்ட் 1979இல் தந்த மூன்றாம்வரிசை மேலோட்ட இடைச்செருகலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நூல்களில் "கலப்புத் திட்டம்" என்று வருவது ஸ்பால்டிங் 1972இல் தந்தது. பெக்லே 2ஐத் தாண்டியதும் மைய வேறுபாட்டிலிருந்து மேலோட்டத்துக்கு மாறும். பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வேறு கலப்பு. இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: நிலைபெறாமல் துடிக்கிறது

துடிப்பின் கால அளவை எண்ணுங்கள். சுமார் 350 படிகளுக்கு ஒருமுறை என்றால் அது ஒலி. லேட்டிஸில் ஒலியின் வேகம் 0.577, நூறு கட்டம் போய்த் திரும்ப 346 படி ஆகும். முதல் படியிலேயே முழு மிதப்பையும் போட்டுப் பெட்டியைத் தட்டிவிட்டீர்கள், அது மணி போல அதிர்கிறது. ஈர்ப்பை முதல் சில ஆயிரம் படிகளில் மெல்ல ஏற்றுங்கள்.

ஆறாயிரம் படி அளவில் துடித்தால் அது இயற்பியல். அடுக்கான காற்றில் எழும் உள் ஈர்ப்பலைகள் அவை. 10⁶ வரை தானே அடங்கும், பொறுங்கள். ராலே 1.8×10⁸ அளவைத் தாண்டினால் அடங்காது. அங்கே ஓட்டமே காலத்தோடு மாறுவது.

அறிகுறி: நிலைபெற்றது என்று நிரல் சொல்கிறது, ஆனால் எண் இன்னும் நகர்கிறது

ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலான மாற்றம் பத்து லட்சத்தில் ஒன்றைவிடக் குறைந்தால் நிறுத்து என்று எழுதியிருப்பீர்கள். வெப்பம் பெட்டியைக் கடத்தலால் கடக்க ஆகும் நேரம் ராலே 10⁵இல் 2.7 லட்சம் படி, 10⁶இல் 8.4 லட்சம் படி. அத்தனை படிகளிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்காக நகர்ந்தால் மொத்தம் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். பத்தாயிரம் படி இடைவெளியில் நசெல்ட் எண்ணை ஒப்பிடுங்கள். சுவரின் எண் சீக்கிரம் அமரும். பெட்டியின் நடுவே காற்று அடுக்கடுக்காக அமைவதுதான் தாமதமாகும். நடுக்கோட்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் அவசரப்பட்டு நிறுத்த மாட்டீர்கள்.

வரைகலை அட்டையில் ஒற்றைத் துல்லியத்தில் ஓட்டுகிறவர்களுக்கு நான்காம் இலக்கம் அமராமல் ஆடிக்கொண்டே இருந்தால், பரவல் சார்பை அப்படியே சேமிக்காமல் அதன் ஓய்வுநிலை எடையை (காற்று அசையாதபோது அதற்குள்ள மதிப்பு) கழித்துவிட்டு மீதியைச் சேமியுங்கள். ஏழு இலக்கங்களில் பாதியை மாறாத எண் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது; அது நீங்கியதும் ஆட்டம் நிற்கும்.